இலவச வரைபட மென்பொருளை நம்பியிருக்கும் நில அளவையாளர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய நில அளவை அலுவலகங்களில் பணம் பெரும்பாலும் கருவிகளுக்கே போய்விடுகிறது. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனும், செயற்கைக்கோள் சைகைகளால் இடத்தைக் கணிக்கும் ஜிஎன்எஸ்எஸ் கருவியும் வாங்கி முடித்தபின், அளந்ததை வரைபடமாக்குவதற்கும் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்ப்பதற்கும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளையே பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்த மென்பொருள் ஒருநாள் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. அப்படி எழும் கேள்விகளில் சிலவற்றுக்கு, அளவையாளரின் பார்வையில் நின்று இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது.

இலவசமாகக் கிடைக்கும் எல்லா மென்பொருளுக்கும் ஆபத்து ஒரே அளவுதானா?

இல்லை. இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, ஒரு நிறுவனம் தன் வணிகக் காரணங்களுக்காக விலையின்றித் தரும் மென்பொருள். கூகுள் எர்த் ப்ரோ இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. இரண்டாவது, நம் கணினியில் எதுவும் இல்லாமல் வேறொருவரின் சர்வரில் ஓடும் சேவை. உலாவியில் திறக்கும் வரைபடங்களும் அவற்றுக்குப் பின்னணிப் படங்களை அனுப்பும் சேவைகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, மூலநிரலே பொதுவில் இருக்கும் திறமூல மென்பொருள். வரைபடத் தரவைக் கையாளும் கியூஜிஐஎஸ், கிராஸ், ஜிஎன்எஸ்எஸ் தரவைக் கணக்கிடும் ஆர்டிகேலிப் ஆகியவை இதில் அடங்கும்.

முதல் வகை நிறுத்தப்பட்டால், நிறுவி வைத்திருக்கும் பிரதி சில காலம் ஓடக்கூடும். இரண்டாம் வகை நிறுத்தப்பட்டால் அன்றிரவே கதவு மூடிவிடும். மூன்றாம் வகையை எவராலும் முழுமையாக நிறுத்த முடியாது என்றாலும், பராமரிப்பவர் இல்லாமல் அது மெல்ல மெல்லப் பழசாகிப்போகலாம். நீங்கள் பயன்படுத்துவது எந்த வகை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், கீழே வரும் விடைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இது வெறும் கற்பனைப் பயமா, உண்மையிலேயே நின்றுபோனவை உண்டா?

உண்டு, பல. நம் தொழிலை நேராகத் தொட்டது டிராஃப்ட்சைட். டசோ சிஸ்டம்ஸ் நிறுவனம் இலவசமாகத் தந்துவந்த இந்த வரைவு மென்பொருளைக் கொண்டு டிடபிள்யூஜி கோப்புகளை (ஆட்டோகேட் வரைவுக் கோப்புகளை) திறந்து வேலை செய்தவர்கள் ஏராளம். 2019இல் வெளிவந்த பதிப்பு கட்டணத்துக்கு மாறியது மட்டுமல்லாமல், 2018 பதிப்பு உட்பட முந்தைய இலவசப் பதிப்புகளும் 2019 டிசம்பர் 31க்குப் பிறகு இயங்காமல் போயின. கணினியில் நிறுவி வைத்திருந்ததே திறக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

கூகுள் நிறுவனத்தின் பட்டியல் இன்னும் நீளமானது. வரைபடத் தரவுகளை ஏற்றிப் பகிர உதவிய மேப்ஸ் எஞ்சின் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. பயனர்களே வரைபடத்தைத் திருத்த வழிசெய்த மேப் மேக்கர் 2017 மார்ச்சில் நின்றது. அட்டவணைத் தரவை வரைபடத்தில் காட்டிய ஃபியூஷன் டேபிள்ஸ் 2019 டிசம்பரில் நின்றது. பின்னணிப் படச் சேவைகளை வழங்கிய மேப்சென் என்ற நிறுவனம் 2018இன் தொடக்கத்தில் தான் மூடப்போவதாக அறிவித்து, ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் சேவைகளை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட், பிங் மேப்ஸ் சேவையின் இலவசக் கணக்குகளை 2025 ஜூன் 30உடன் முடித்துக்கொண்டது. அரசு நிறுவனமென்றால் நிலைக்கும் என்று எண்ணுவோருக்கு நாசாவின் வேர்ல்ட் விண்ட் ஓர் எதிர்ச்சான்று. அதன் பணிகள் 2019இல் இடைநிறுத்தப்பட்டன.

எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. கிராஸ் மென்பொருளை 1982இல் உருவாக்கத் தொடங்கியது அமெரிக்க இராணுவத்தின் ஓர் ஆய்வகம். 1990களின் நடுவில் அந்த ஆய்வகம் ஒதுங்கிக்கொண்டபோது, பல்கலைக்கழகத்தினர் சிலர் அதை ஏற்றெடுத்தார்கள். 1999இல் அது, எவரும் திருத்திப் பகிர இடம்தரும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்துக்கு மாறியது. இன்றும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. பெற்றவர் கைவிட்ட பிள்ளையை ஊர் வளர்த்த கதை அது. மூலநிரல் பிறர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திராவிட்டால் அந்த வளர்ப்புக்கு வழியே இருந்திருக்காது.

கூகுள் எர்த் ப்ரோவை நம்பலாமா?

2015 ஜனவரி வரை இதற்கு ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் இருந்தது. அந்த மாதத்தில் ஒரு முடிவால் அது இலவசமானது. இன்னொரு முடிவால் அது இல்லாமலும் போகலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த எர்த் ப்ளஸ் 2008இல் கைவிடப்பட்டது. பெருநிறுவனங்களுக்கென்று விற்கப்பட்ட எர்த் என்டர்பிரைஸை நிறுத்தப்போவதாக 2015இல் அறிவித்து, 2017இல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தார்கள். ஆகவே, பார்ப்பதற்கும் பழைய ஆண்டுகளின் படங்களை ஒப்பிடுவதற்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு வேலையின் ஒரே பிரதியை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள்.

வைத்திருப்பவர்கள் பலர் அப்படி வைத்திருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். இடப்பக்கப் பட்டியில் என் இடங்கள் என்ற தலைப்பின் கீழ் குவிந்துகிடக்கும் எல்லைக்கற்களும் கோடுகளும் கணினியின் உள்ளே, எளிதில் கண்ணில் படாத ஒரு கோப்புறையில், மைபிளேசஸ் என்ற பெயருள்ள ஒரே கேஎம்எல் கோப்பில்தான் (கூகுள் எர்த் இடங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) இருக்கின்றன. ஐந்தாண்டு வேலை ஒரே கோப்பில் இருக்கும். விண்டோஸை மீண்டும் நிறுவும் கடைக்காரர் உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையைப் பத்திரமாக எடுத்துவைப்பார். இந்தக் கோப்பை அவர் எடுத்துவைக்க மாட்டார். மென்பொருள் நிறுத்தப்படுவதற்கு முன்பே இப்படித் தொலைந்த வேலைகள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

நிறுவும் கோப்பைப் பத்திரப்படுத்திக்கொண்டால், பழைய பதிப்பையே தொடர்ந்து ஓட்டலாமே?

சில மென்பொருள்களில் இது நடக்கும், பலவற்றில் நடக்காது. இயங்குதளம் மாறும்போது பழைய நிரல் திறக்காமல் போகலாம். உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வர் இல்லாமல் போகலாம். டிராஃப்ட்சைட்டில் நடந்ததுபோல் காலாவதித் தேதியே உள்ளே எழுதப்பட்டிருக்கலாம். பூமியுருண்டையைக் காட்டும் மென்பொருள்களில் படங்கள் எல்லாம் சர்வரிலிருந்தே வருவதால், அந்தச் சர்வர் நின்றுவிட்டால் மென்பொருள் திறந்தாலும் உருண்டை வெறுமையாகத்தான் இருக்கும். இணையம் இல்லாமலே இயங்கும் ஒரு கணக்கீட்டு நிரலாக இருந்தால், பழைய இயங்குதளத்தோடு சேர்த்து ஒரு மெய்நிகர் கணினியில் அதை வைத்துக்கொள்ளலாம். பழைய கோப்புகளைத் திறந்து வேறு வடிவுக்கு மாற்ற அது உதவும். புதிய வேலையை அதில் தொடங்குவது நல்லதல்ல.

எல்லாவற்றையும் கேஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டால் போதாதா?

கேஎம்எல் நல்ல வடிவம்தான். 2008இலிருந்து அது, புவியிடத் தரவுக்குத் தரநிலைகள் வகுக்கும் ஓஜிசி அமைப்பின் பொதுத் தரநிலை. சாதாரண எழுத்துக்கோப்பு என்பதால் நோட்பேடிலும் திறந்து படிக்கலாம். ஆனால் அது காட்சிக்காகப் பிறந்த வடிவம். அளவையாளருக்குத் தேவையானவற்றில் பலவற்றை அது தாங்காது.

கேஎம்எல் எப்போதும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில், பாகையில்தான் இடத்தைக் குறிக்கும். நீங்கள் உள்ளூர் ஆயத்தொலைவு முறையில் மீட்டரில் அளந்திருந்தால், ஏற்றுமதியின்போது அந்த எண்கள் பாகையாக மாற்றப்பட்டுவிடும். எந்த மாற்ற அளபுருக்களைக் கொண்டு மாற்றப்பட்டது என்பது கோப்பில் எங்கும் பதிவாகாது. அடுத்து, பதின்ம இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பாகை அட்சரேகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆறு பதின்ம இடங்களோடு எழுதப்பட்ட எண்ணின் கடைசி இலக்கம் 11 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. மில்லிமீட்டர் வரை காக்க வேண்டுமென்றால் எட்டு இடங்கள் தேவை. ஆறு இடங்களில் வெட்டி எழுதும் ஒரு மென்பொருள், சென்டிமீட்டர் துல்லியத்தில் நீங்கள் எடுத்த புள்ளியை ஓசையில்லாமல் விரற்கடைக் கணக்கிலிருந்து சாண் கணக்குக்குத் தள்ளிவிடும்.

வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. கேஎம்எல் முதலில் தீர்க்கரேகையையும் பிறகு அட்சரேகையையும் எழுதுகிறது. நாம் வாயால் சொல்வது நேர்மாறான வரிசையில். 30,10 என்று கோப்பில் இருந்தால் அது கிழக்கு 30 பாகை, வடக்கு 10 பாகை. அதைத் திருப்பிப் படித்தால் புள்ளி ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி விழும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும் என்று நினைக்கலாம். இரண்டு எண்களும் நெருங்கியிருக்கும் பகுதிகளில் அது கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

அப்படியானால் எந்த வடிவில் சேமிப்பது?

ஒரே வடிவில் எல்லாவற்றையும் அடக்க முயலாமல், அடுக்கடுக்காக யோசிப்பது நல்லது.

அடியில் இருக்க வேண்டியது கருவியில் பதிவான மூல அளவீடு. டோட்டல் ஸ்டேஷனில் கோணம், தூரம், பிரிசத்தின் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியின்) உயரம் ஆகியவை எழுத்துக்கோப்பாகவே வெளிவரும். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎன்எஸ்எஸ் கருவிகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய வடிவில் பதிவதால், அவற்றை ரைனெக்ஸ் என்ற பொது வடிவுக்கு மாற்றி, இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். ரைனெக்ஸ் 1989இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் உருவானது. பல நிறுவனங்களின் கருவித் தரவை ஒரே கணக்கீட்டில் சேர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்டதால், எந்தக் கணக்கீட்டு நிரலும் அதைப் படிக்கும். ஆன்டெனாவின் உயரத்தைச் சாய்வாக அளந்தீர்களா, செங்குத்தாக அளந்தீர்களா என்பதைக் குறித்து வைக்காவிட்டால், எந்த வடிவமும் பின்னாளில் கைகொடுக்காது.

அதற்கு மேல், கணக்கிட்டு முடித்த புள்ளிகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்து அட்டவணையாக) வைக்கலாம். புள்ளியின் எண், கிழக்காயம், வடக்காயம், உயரம், விவரம் என்று தலைப்பு வரி இருக்க வேண்டும். தலைப்பு வரி இல்லாத ஒரு பழைய கோப்பைத் திறந்து, முதல் நெடுவரிசை கிழக்கா வடக்கா என்று அரைமணி நேரம் யோசித்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

வரைபட அடுக்குகளுக்கு ஜியோபேக்கேஜ் ஏற்றது. அது எஸ்கியூலைட் தரவுத்தளமாக அமைந்த ஒரே கோப்பு; ஓஜிசி தரநிலை. வரைவுக்கு, வரைவு மென்பொருள்களுக்கிடையே கோப்பு மாற்றிக்கொள்ளும் வடிவமான டிஎக்ஸ்எஃப் இன்றும் எங்கும் திறக்கிறது. ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தை நான் இப்போது பரிந்துரைப்பதில்லை. அது குறைந்தது மூன்று கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும்; அதன் நெடுவரிசைத் தலைப்புகளுக்குப் பத்து பைட்டுகளுக்கு மேல் இடமில்லை. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியாகவே எண்ணப்படும். பரப்பு என்ற சொல் ஆறு குறிகள், அதாவது பதினெட்டு பைட்டுகள். அது பரப என்ற அளவில் வெட்டுப்பட்டு நிற்கும். உரிமையாளரின் பெயர்கள் கட்டங்கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறிய கோப்புகளை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

ஆயத்தொலைவுகளோடு வேறென்ன எழுதி வைக்க வேண்டும்?

பத்து ஆண்டுகள் கழித்து, உங்களை அறியாத ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எந்த டேட்டம் (அளவைக்கு அடிப்படையான புவி மாதிரி), எந்த வீழல் (வளைந்த புவியைத் தட்டையாக்கும் முறை), எந்த மண்டலம், உயரம் நீள்வட்டத்திலிருந்தா கடல்மட்டத்திலிருந்தா, எந்த ஜியாய்டு மாதிரி (கடல்மட்டத்தைக் குறிக்கும் புவிப்பரப்பு மாதிரி), எந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்து தொடங்கியது, எந்தத் தேதியில் அளந்தது என்பவை அவருக்குத் தெரிய வேண்டும். இவற்றை மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு விடுகிறோம். மென்பொருள் போனால் அந்தத் தேர்வும் போய்விடும். வேலைக் கோப்புறையில் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில் இவற்றைப் பத்து வரிகளில் எழுதிவைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அலகையும் எழுதுங்கள். அடி என்றால் எந்த அடி என்ற கேள்விகூட உண்டு. பன்னாட்டு அடி துல்லியமாக 0.3048 மீட்டர்; அமெரிக்க அளவை அடி 1200/3937 மீட்டர். வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் தொடக்கப் புள்ளியிலிருந்து ஐந்து லட்சம் மீட்டர் தள்ளியிருக்கும் ஆயத்தொலைவில் அது ஒரு மீட்டராகிவிடுகிறது. அந்த அளவை அடியை அமெரிக்கா 2022இன் இறுதியோடு விட்டுவிட்டது. பழைய கோப்புகளில் அது இன்னும் இருக்கிறது.

மென்பொருள் மாறாமல் பதிப்பு மட்டும் மாறினாலும் இதே சிக்கல் வரக்கூடும். திறமூல மென்பொருள்கள் பலவற்றில் ஆயத்தொலைவு மாற்றங்களைச் செய்வது ப்ராஜ் என்ற நூலகம். அமெரிக்க நிலவியல் அளவைத்துறையில் ஜெரால்டு எவெண்டன் என்பவர் தொடங்கியது அது. 2019இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு, எல்லா மாற்றங்களையும் டபிள்யூஜிஎஸ் 84 வழியாகவே கொண்டுசெல்லும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு சோடி ஆயத்தொலைவு முறைகளுக்கும் பொருத்தமான வழியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் அதே கோப்பைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் மாற்றிப் பார்த்தால் சில இடங்களில் விடை நகர்ந்திருக்கும்.

பின்னணியில் தெரியும் செயற்கைக்கோள் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளலாமா?

மொத்தமாக இறக்குவதைப் பெரும்பாலான சேவைகளின் உரிம விதிகள் தடைசெய்கின்றன. படத்தின் மேல் தடம் வரைந்து தரவு உருவாக்குவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு வேலைக்குச் சான்றாக ஓரிரு காட்சிகளைப் படத்தின் தேதியும் உரிமக் குறிப்பும் தெரியும்படி சேமிப்பது வேறு. தொடர்ந்து படம் தேவைப்படும் வேலைகளுக்கு, சொந்தமாக ட்ரோனில் எடுத்து ஜியோடிஃப் கோப்பாக (இடக்குறிப்பு சேர்ந்த படக்கோப்பாக) வைத்துக்கொள்வதே நிலையான வழி.

எல்லையையே செயற்கைக்கோள் படத்தில் அளந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், அது அளவையாகாது. படம் பொருத்தப்பட்டதில் உள்ள பிழை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். படம் புதுப்பிக்கப்படும்போது வேலியும் வரப்பும் சில மீட்டர் நகர்ந்து தெரியும். அதோடு, உலாவி வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் வீழலில் 60 பாகை அட்சரேகையில் நீளம் இரு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் விரிந்துவிடும். அந்த விரிவைத் திருத்திக் காட்டும் மென்பொருளும் உண்டு, திருத்தாததும் உண்டு.

திறமூல மென்பொருளுக்கு மாறிவிட்டால் கவலை தீருமா?

பெருமளவு குறையும். கியூஜிஐஎஸ் 2002இல் கேரி ஷெர்மன் என்ற ஒருவரின் முயற்சியாகத் தொடங்கியது. இன்று பல நாடுகளின் நிரலாளர்கள் அதில் உழைக்கிறார்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்றை அவர்கள் தனியாக வெளியிடுகிறார்கள். அலுவலக வேலைக்கு அதையே நிறுவுங்கள். புத்தம்புதுப் பதிப்பின் ஆர்வம் வீட்டுக் கணினியோடு இருக்கட்டும்.

பலவீனம் நீட்சிகளில், அதாவது மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்களில், இருக்கிறது. 2018இல் கியூஜிஐஎஸ் 3 வந்தபோது, இரண்டாம் பதிப்புக்காகத் தனியாட்கள் எழுதியிருந்த நீட்சிகளில் பல புதியதற்கு மாற்றப்படாமலே நின்றுபோயின. உட்பிரிவு செய்யவோ, அளவுகளை வரைபடத்தில் தானாக எழுதவோ ஒரு நீட்சியை நாள்தோறும் நம்பியிருந்தால், அதை எழுதியவர் ஒருவரா பலரா, கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று பாருங்கள். மையமான மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே உங்கள் வேலை நின்றுவிடக்கூடும். இதற்கு மாறாக, டோமோஜி தகாசு உருவாக்கிய ஆர்டிகேலிப்பின் அதிகாரப்பூர்வ வளர்ச்சி மந்தமானபோது, மலிவுக் கருவிகளைப் பயன்படுத்துவோர் அதிலிருந்து கிளை பிரித்துத் தங்களுக்கு வேண்டிய திருத்தங்களைச் செய்துகொண்டார்கள்.

பணம் கொடுத்து வாங்கிவிடுவது பாதுகாப்பல்லவா?

உதவி கேட்க ஓர் இடம் கிடைக்கும். அதற்கு மதிப்பு உண்டு. நிலைத்தன்மைக்கு உறுதி கிடைக்காது. ஆட்டோகேட் 2016இலிருந்து புதிய நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாறிவிட்டது. எஸ்ரி நிறுவனம் தன் வரைபட மென்பொருளான ஆர்க்மேப்புக்கான ஆதரவை 2026 மார்ச் 1உடன் முடிப்பதாக அறிவித்தது. கட்டணம் செலுத்தியவர்களும் கோப்புகளை மாற்றும் வேலையைச் செய்தே ஆகவேண்டும்.

வேறு மென்பொருளுக்கு மாறும்போது எதைச் சரிபார்ப்பது?

நன்றாக முடிந்த ஒரு பழைய வேலையை எடுத்து, மூல அளவீட்டிலிருந்து தொடங்கிப் புதிய மென்பொருளில் முழுவதும் மறுபடி செய்யுங்கள். மூடல் பிழை (சுற்றி அளந்து தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது வரும் வேறுபாடு), புள்ளிகளின் ஆயத்தொலைவு, பக்க நீளம், பரப்பு ஆகிய நான்கும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பரப்பில்தான் பலரும் தடுமாறுவார்கள். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வீழலில், மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையில் அளவுக் காரணி (தரை நீளம் தளத்தில் மாறும் விகிதம்) 0.9996. அங்கே தரையில் சரியாக ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர் உள்ள நிலம், வீழல் தளத்தில் 9,992 சதுர மீட்டராக வரும். பழைய மென்பொருள் நீள்வட்டத்தின் மேல் கணக்கிட்டு 10,000 என்றும், புதியது தளத்தில் கணக்கிட்டு 9,992 என்றும் சொன்னால் இரண்டுமே தத்தம் வழியில் சரி. கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே இந்த இரண்டு வகைக் கணக்குக்கும் தனித்தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. எட்டுச் சதுர மீட்டர் எங்கே போயிற்று என்று நில உரிமையாளர் கேட்பதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தேவிட்டது. முதலில் என்ன செய்வது?

நடந்துகொண்டிருக்கும் வேலைகளை முதலில் ஏற்றுமதி செய்யுங்கள். பழையவை அடுத்த வாரம் வரை காத்திருக்கும். ஏற்றுமதி செய்த ஒவ்வொரு கோப்பையும் வேறொரு மென்பொருளில், முடிந்தால் வேறொரு கணினியில், திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புநகலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கைப்பேசிச் செயலி ஒன்றில் அறுபதுக்கும் மேற்பட்ட எல்லைக்கற்களைப் படத்தோடு பதிந்து, காப்புநகலும் எடுத்து வைத்திருந்தேன். கைப்பேசியை மாற்றியபோது அந்தச் செயலி கடையிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. காப்புநகலோ அந்தச் செயலி மட்டுமே படிக்கும் வடிவில் இருந்தது. மறுபடியும் களத்துக்குப் போய் எல்லாக் கற்களையும் எடுக்க ஒரு முழுநாள் ஆயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு அச்சிட்ட தாள் தேவையா?

தேவை. கையொப்பமிட்ட வரைபடத்தோடு, கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் ஆயத்தொலைவுப் பட்டியலையும் அவை எந்த முறையில் எழுதப்பட்டவை என்ற குறிப்பையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். ஒரு சாதாரண வேலையில் இருபது முப்பது புள்ளிகளுக்கு மேல் இராது. கணினி, மென்பொருள், காப்புநகல் மூன்றும் ஒருசேரப் போனாலும் அந்தத் தாளைப் பார்த்து ஒருவர் வாசிக்க மற்றொருவர் தட்டச்சு செய்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேலை மறுபடி திரையில் வந்துவிடும்.